வண்டி உதறினால் கியர்பாக்ஸை இறக்கலாமா, ஸ்கேனரை மாட்டலாமா?

சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் என் கார் முதன்முதலாக உதறியது. 1,70,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வெட்டி வெட்டித்தான் ஏறியது. மறுநாள் பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "இவ்ளோ ஓடிருச்சுங்க, கியர்பாக்ஸ்தான். இறக்கிடலாம்" என்றார்கள். கிருஷ்ணகிரியில் லாரி வேலை பார்க்கும் நண்பர், "அவசரப்படாதண்ணா, முதல்ல ஸ்கேனர் மாட்டிப் பாரு" என்றார். நான் நண்பர் பக்கம் சாய்ந்தேன்.

கியர்பாக்ஸை இறக்குவது சின்ன வேலை இல்லை. இறக்கியதும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்ற கிளட்ச் பாகங்கள் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அதில் தப்பில்லை, இன்னொரு முறை இறக்காமல் இருக்கலாம். ஆனால் கோளாறு இன்ஜினில் இருந்தால் அத்தனை பணமும் வீண். ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறு எண்ணை, அதாவது 'கோடு' (code) என்பதைப் படிக்கும் கருவி. அதை மாட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். என் வண்டியில் வந்த கோடு பி0302. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை, மெக்கானிக்குகள் சொல்லும் 'மிஸ்ஸிங்'. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் இக்னிஷன் காயிலை (பிளக்கில் பொறி வர வோல்டேஜ் கொடுக்கும் பாகம்) இடம் மாற்றிப் போட்டு ஓட்டினோம். கோடு பி0303 ஆனது, அதாவது காயிலோடு கோளாறும் மூன்றாவது சிலிண்டருக்குப் போனது. அப்புறம் என்ன சந்தேகம், காயில்தான். அதை மாற்றினோம், தேய்ந்திருந்த பிளக்குகளையும் மாற்றினோம். உதறல் நின்றது.

மேட்டில் மட்டும் ஏன் உதறியது? ஏற்றத்தில் லோடு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகமாகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். சமதளத்தில் சமாளிக்கும் பலவீனமான காயில் அங்கே கைவிட்டுவிடும்.

அதற்காக ஸ்கேனரை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். மேனுவல் வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்வதற்கு எந்தக் கோடும் வராது. அங்கே கால்தான் சொல்லும். நான்காவது கியரில் மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மட்டும் எகிறி, வண்டியின் வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் கியரில் வண்டி நகரும்போது மட்டும் அதிர்ந்தால் கிளட்சையும், இன்ஜினைத் தாங்கும் மவுண்டையும் பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டும் சந்தேகப் பட்டியலில் வரும். நியூட்ரலில் நின்றபடி ரேஸ் கொடுத்தாலும் திணறினால், கியர்பாக்ஸை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்க்க வேண்டியதுதான்.

கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது, கிளட்சை முழுதாக மிதித்தும் குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரக்கிறது, கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தால் இரும்புத் துணுக்குகள் வருகின்றன என்றால் பட்டறைக்காரர் சொல்வதே சரி. தாராளமாக இறக்கலாம்.

இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியின் கதை வேறு. சீரான வேகத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட வேகத்தடைக் கோடுகள்மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால் அந்த கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டிப் பிடிக்கும் லாக்-அப் கிளட்சைச் சந்தேகிக்கலாம். முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தேய்மானம் தொடங்கியிருக்கும். பி0741 கோடும் லாக்-அப்பைத்தான் காட்டும். 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்பட்ட ஆயிலை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அப்படியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த வண்டியாக இருந்தாலும், உதறலோடு செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் தருமபுரி வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். காயிலைவிட அது பல மடங்கு விலை. ஓரம் கட்டிவிட்டு, வண்டியை இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள்.