சித்தி வீட்டுப் பனையும் செய்மதி இணையமும்

மேலாளர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: கூட்டங்களில் முகம் தெரிய வேண்டும். நான்கு கிழமைப் பயணத்தில் இரண்டு கிழமை விடுமுறை, மிச்சம் இரண்டு கிழமை புங்குடுதீவில் சித்தி வீட்டிலிருந்தே வேலை என்று பேசி முடித்துவிட்டு, 2026 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக ஊர் போய்ச் சேர்ந்தேன். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை. சனி பிடிக்காமலே எனக்குப் பிடித்த ஏழரை அது.

சித்தி வீட்டில் இருந்தது சிம் போட்ட ஒரு றவுட்டர். சாமிப்படத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மதியம் வேகத்தை அளந்து பார்த்தேன், வினாடிக்கு 18 மெகாபிற் வந்தது. போதும் போதும் என்று நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். இரவு ஏழரைக்கு 2 கூட இல்லை. ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கொள்ளளவைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பங்கு போடுகிறது. பகலில் வயலுக்கும் கடலுக்கும் வேலைக்கும் போனவர்கள் எல்லோரும் இரவில் ஒரே நேரத்தில் கைத்தொலைபேசியைத் திறக்கிறார்கள். பொங்கலுக்கு வந்த என்னைப் போன்ற வெளிநாட்டுக் கூட்டம் வேறு. முதல் கூட்டத்தில் நான் வாயைப் பிளந்தபடி நான்கு நிமிடம் உறைந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் பஸ் ஏறி, தாம்போதி தாண்டி, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாண நகரத்துக்குப் போனேன். ஒளியிழை இணைப்புக் கேட்டு ஒரு நிறுவனத்தின் கருமபீடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். கம்பி பிரதான வீதியோடு நிற்கிறது, எங்கள் ஒழுங்கைக்கு வராது. எப்போது வரும் என்று கேட்டால், "பதிந்து வைக்கிறோம் அண்ணா" என்றார் அந்தப் பிள்ளை. சித்தப்பா உயிரோடு இருந்தபோது அவர் பெயரிலும் ஒருமுறை பதிந்துதான் வைத்தார்கள்.

அப்போதுதான் ஸ்டார்லிங்க் யோசனை மண்டையில் ஏறியது: வானத்தில் ஓடும் செய்மதிகளிலிருந்து, வீட்டில் வைக்கும் ஒரு தட்டு வழியாக இணையம் எடுப்பது. இலங்கையில் 2024 இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, அதே ஆண்டு ஓகஸ்டில் உரிமம் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. கனடாவில் இருக்கும் மச்சான், "என்னிடம் ஒரு தட்டு சும்மா கிடக்கிறது, பெட்டிக்குள் போட்டுக் கொண்டு போ" என்று புறப்படும்போதே சொன்னான். நல்ல வேளை, கேட்கவில்லை. வானொலி அலை வீசும் கருவியைக் கொண்டு வருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

வாங்குவதற்கு முன் இடம் சரியா என்று பார்க்க ஸ்டார்லிங்க் செயலியிலேயே ஒரு வசதி இருக்கிறது. தட்டு வைக்கப் போகும் இடத்தில் நின்று, கைத்தொலைபேசியின் கமராவை வானத்தை நோக்கிப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பிளாட்டில் ஏறி நின்று, கழுத்து வலிக்கச் சுற்றினேன். திரையில் வானம் ஒரு குடை போல விரிந்தது. அந்தக் குடையில் வடக்குப் பக்கம் இரண்டு பெரிய சிவப்புக் கறை. ஒன்று வேலியோரப் பனை, மற்றது கிணற்றடித் தென்னை.

கீழே நின்ற சித்திக்கு நம்பிக்கை வரவில்லை. "டிவி டிஷ் அந்தத் தென்னைக்குக் கீழேதானே தம்பி இத்தனை வருடம் இருக்கிறது? அதற்கு இல்லாத இடைஞ்சல் இதற்கு மட்டும் ஏன்?"

நியாயமான கேள்வி. டிவி டிஷ் பார்க்கும் செய்மதி சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் எப்போதும் ஒரே திசையில் நிற்கிறது. இரண்டு ஓலைக்கு நடுவில் ஓர் இடைவெளி கிடைத்தாலும் டிஷ் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். இணையச் செய்மதிகள் சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. ஒன்று தலைக்கு மேலால் சில நிமிடத்தில் போய்விட, அடுத்ததைத் தட்டு பிடிக்க வேண்டும். அதனால் அதற்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். செய்மதி பனைக்குப் பின்னால் போகிற ஒவ்வொரு முறையும் சில நொடி அறுந்து அறுந்து வரும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்ததில் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் பேசுகிறவனுக்குத்தான் வாய் பிளக்கும். கிட்ட இருப்பதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. பழைய உயரச் செய்மதி இணையத்தில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை வினாடிக்கு மேல் போய்விடும், இதில் அந்தத் தவிப்பு இல்லை.

"பனையைத் தறிக்கலாமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நான் படிக்கட்டைத் தேடி இறங்கிவிட்டேன்.

ஓர் உயரக் கம்பம் நட்டால் மரத்தை வெல்லலாம். காசைத்தான் வெல்ல முடியவில்லை. சேவை தொடங்கியபோது அறிவித்த விலை கருவிக்கு 118,000 ரூபாய், வீட்டுப் பொதிக்கு மாதம் 15,000 ரூபாய், குறைந்த பொதிக்கு 12,000. முதல் வருடம் பெரிய பொதியில் போனால் மூன்று இலட்சத்துக்கு 2,000 ரூபாய்தான் குறைவு. எங்கள் கணக்கில் 15,000 ரூபாய் எழுபது கனடா டொலருக்குக் கிட்டத்தான், ரொறன்ரோவில் வீட்டு இணையத்துக்கு நான் கட்டுவதும் அதுதான். ஆனால் இலங்கையில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில்தான் 30,000 ரூபாயானது. பாதிச் சம்பளத்தை வானத்துக்குக் கட்டுகிற வீடு அந்தத் தீவில் எத்தனை இருக்கும்?

வாங்கச் சொல்கிறவர்கள் யாரும் இன்னொரு செலவைச் சொல்வதில்லை. அந்தத் தட்டு ஏறக்குறைய 75 முதல் 100 வாற் மின்சாரம் குடிக்கும். 75 என்றே வைத்துக்கொள்வோம். இரவு பகலாக எரிந்தால் மாதம் 54 யூனிட். சித்தி தனி ஆள். இரண்டு லைட், ஒரு மின்விசிறி, சிறிய குளிர்சாதனப்பெட்டி. 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறிவிடும் என்று பார்த்துப் பார்த்து லைட் அணைக்கிற மனிதர். தட்டு ஒன்றே அவருடைய கணக்கைக் கவிழ்த்துவிடும்.

"நீ காசு அனுப்புவாய், சரி. எத்தனை மாதம் அனுப்புவாய்?" என்று அவர் கேட்டபோது நான் தேநீரைக் குடிப்பது போல இருந்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த குளிரூட்டிகளும் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிற வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். கருவி வாங்கிக் கொடுப்பது எங்கள் பெருமை, மாதக் கட்டணம் அவர்களுடைய தலையிடி. பூட்டிய வீட்டுக்குக் கமரா பூட்ட இதை வாங்கலாமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஆளில்லாத வீட்டை ரொறன்ரோவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மாதம் 15,000 ரூபாய்! அந்தக் காசுக்கு ஒரு மனிதரைக் காவலுக்கு வைத்தால் முற்றமாவது கூட்டிக் கிடக்கும்.

அதற்காக இந்தத் தட்டே வீண் என்று சொல்ல வரவில்லை. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கு ஒரு நாள் போனேன். அங்கே ஒரு சிறிய விடுதியின் கூரையில் தட்டு இருந்தது. சுற்றிவர மரமில்லை, பவளக்கல் மதிலும் வெளியும் குதிரைகளும்தான். பயணிகள் முற்பதிவு செய்வதும் காசு கட்டுவதும் அதன் வழியாகவே நடக்கிறது, வருமானமே கட்டணத்தைக் கட்டிவிடுகிறது. மாரி மழை அடித்து ஊற்றினால் வேகம் விழுந்து, விட்டதும் எழும்பும் என்றார் விடுதிக்காரர். கூடவே மின்கலமும் வைத்திருக்கிறார். அது முக்கியம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாக விழுந்தன. அந்த நேரத்தில் செய்மதி தலைக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கீழே தட்டுக்குக் கரண்ட் இருந்தால்தானே!

டொலரில் சம்பளம் எடுத்து வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் இது கட்டும். எங்கள் ஊருக்கு என்றால் நான் சனசமூக நிலையத்தைச் சொல்வேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் கூடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர் பத்துப் பேர் சேர்ந்தால், வீட்டுப் பொதியின் விலைக்கு ஆளுக்கு மாதம் ஏழு டொலர். வாங்குவதற்கு முன் நிலையத்துக்கு எந்தப் பொதி பொருந்தும் என்று மட்டும் விசாரிக்க வேண்டும், வீட்டுப் பொதி வீட்டுக்குத்தான்.

சித்தி வீட்டுக்கு நான் செய்தது பழைய வேலை. கோபுரம் இருக்கும் திசையை நோக்கிப் பிடிக்கும் ஒரு வெளி அன்ரனாவும் வயரும் நகரத்தில் வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் கட்டினேன். றவுட்டர் சாமித்தட்டிலிருந்து இறங்கியது. பக்கத்து வீட்டுத் தம்பி மேலே நின்று குழாயை விரலளவு விரலளவாகத் திருப்ப, நான் கீழே நின்று, "கொஞ்சம் கிழக்கே... விட்டுவிடு, அப்படியே!" என்று கத்தினேன். இரவு ஏழரைக்கு 6 மெகாபிற், சில நாள் 7. கூட்டத்துக்கு 3 இருந்தால் போதும். இரண்டு கிழமையில் இரண்டே முறைதான் உறைந்தேன்.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து எடுத்தபோது சித்தியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. காற்றுக்குக் குழாய் திரும்பிவிட்டதாம். அடுத்த நாள் எடுத்தேன், படம் தெளிவு. பக்கத்து வீட்டுத் தம்பி ஏறித் திருப்பிவிட்டானாம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு."