ஏழு வருடப் புழக்கத்துக்குப் பிறகு என் லேப்டாப்பில் மிச்சமிருப்பவை

ஏழு வருடமாக ஒரு சின்ன பயண ஸ்டார்ட்அப் நடத்துகிறேன். டிக்கெட், தங்குமிடம், நடுவில் மாற வேண்டிய ரயில் எல்லாவற்றையும் ஒரே பயணத்திட்டமாகக் கோத்துக் கொடுப்பதுதான் வேலை. ஆரம்பத்தில் செயலியின் மொத்த நிரலையும் (கோட்) நானே எழுதினேன். இப்போது நான்கு பேர் எழுதுகிறார்கள், நான் ஏதாவது மாற்றத்தைப் பதிந்தால் (கமிட்) மட்டும் கொஞ்சம் பதறுகிறார்கள்.

புதிதாக எந்த டூல் வந்தாலும் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். வேலையே பயணத்தைச் சுற்றி என்பதால் எனக்கென்று ஒரு சோதனை வந்துவிட்டது: விமானம் கிளம்பி நெட் அறுந்த பிறகு அது எதற்காவது உதவுகிறதா?

இதில் எப்போதும் ஜெயிப்பது கிட், அதாவது நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் டூல். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியை (கெர்னல்) எழுதும் குழுவினர் இலவசமாகப் பயன்படுத்திவந்த, இதே மாதிரி டூலான பிட்கீப்பர் 2005இல் கைவிட்டுப் போக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரத்துக்கு எழுத ஆரம்பித்தது இது. முழு வரலாறும் ஒவ்வொருவருடைய கணினியிலும் இருக்கும், சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஒருமுறை அறை வாடகையில் வரி இரண்டு தடவை சேர்ந்து வந்தது, எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. அறுநூற்றுச் சொச்சம் கமிட்கள். விமானத்தில் உட்கார்ந்து, தப்பு நுழைந்த கமிட்டைத் தேடித் தரும் கிட் பைசெக்ட் கட்டளையை ஓட்டினேன். அது பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போவதால் பத்தே சோதனையில் குற்றவாளி சிக்கிவிட்டான். நான்தான்.

நிரல் எழுதும் எடிட்டர் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விஎஸ் கோட், அவ்வளவுதான். நாற்பது எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிகள்) சேர்ந்திருந்தன, பாதிக்கு மேல் எதற்கு என்றே நினைவில்லை, இப்போது ஒன்பது. சர்வருக்குள் நுழைந்தால் விம் என்ற பழைய எடிட்டர், ஆனால் நான்கைந்து கட்டளைகளைத் தாண்டிக் கற்றுக்கொள்ளவே இல்லை.

அதிக நேரம் தின்றது நேரம்தான். டோக்கியோவில் இரவு 9 மணிக்கு ஏறினால் சுமார் ஏழு மணி நேரம் பறந்து ஹொனலுலுவில் அதே தேதி காலை 9 மணிக்கு இறங்கலாம். எங்கள் முதல் பதிப்பு இதைப் பார்த்துவிட்டுப் பயண நேரம் மைனஸ் 12 மணி என்று காட்டியது. நேபாளம் யூடிசியை, அதாவது உலகப் பொது நேரத்தை, விட 5 மணி 45 நிமிடம் முன்னால் இருக்கிறது, நானோ முழு மணி நேரம் மட்டுமே வரும் பட்டியலைப் போட்டு வைத்திருந்தேன். சரி, எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தேன். நடந்து முடிந்தவற்றுக்கு அது போதும், வரப்போகும் பயணத்துக்குப் போதாது. அரசாங்கங்கள் கடிகாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மெக்சிகோ 2022இல் கோடைகால நேரத்தை (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம்) பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டது, எகிப்து 2023இல் திரும்பக் கொண்டுவந்தது. லெபனானில் 2023 மார்ச்சில் அதன் தொடக்கத்தைக் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டதில் சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. ஆறு மாதம் முன்பே யூடிசியாக மாற்றிச் சேமித்த "காலை 8 மணி டாக்சி" அப்படிப்பட்ட ஊரில் 7க்கோ 9க்கோ வந்து நிற்கும்.

எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸை மாற்றும் எண்ணமே எனக்கு இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் அதன் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நேரத்தைச் சேமிக்கும் ஒரு வகைக்கு "டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன்" (நேர மண்டலத்தோடு கூடிய நேரம்) என்று பெயர், ஆனால் டைம்சோனைச் சேமிக்காது! உள்ளே யூடிசியாக மாற்றி வைத்துக்கொண்டு, கொடுத்த சோனை மறந்துவிடும். ஆவணத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் மூன்றாவது வருடம் படித்தேன். இப்போது எதிர்காலப் பயணத்துக்கு அந்த ஊர்க் கடிகார நேரம் அட்டவணையின் ஒரு நெடுவரிசையில், "ஆசியா/பெய்ரூட்" மாதிரி சோன் பெயர் இன்னொரு நெடுவரிசையில். பணத்திலும் இதே கூத்துதான். ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம், எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நினைத்து நூறால் பெருக்கும் நிரலை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஏஐ உதவியாளரை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எழுத, யாரோ எழுதிய ரெஜெக்ஸை (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) புரிந்துகொள்ள, அருமை. டைம்சோன் கோடில் மட்டும் என்னைவிட அதிகத் தைரியத்தோடு தப்பு செய்கிறது. நெட் போனால் அதுவும் போய்விடும். லேப்டாப்பிலேயே ஓடும் சின்ன மாடல்கள் இருக்கின்றன, ஆனால் அவை பேட்டரியைக் குடிக்கிற வேகத்தில் சாப்பாட்டு வண்டி என் வரிசைக்கு வருவதற்குள் லேப்டாப் அணைந்துவிடும்.

அப்புறம் பொழுதுபோக்கு. ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் மெனக்கெட்டு ஐந்து படம் இறக்கி வைத்தேன். நடுவானில் திறந்தால் மூன்றுக்குக் கெடு முடிந்துவிட்டது, புதுப்பிக்க நெட் வேண்டுமாம். அந்தச் சந்தாவை நிறுத்திவிட்டேன், கோபத்தில்தான். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இஞ்சினின் ஒரே சீரான இரைச்சலை நன்றாக அடக்குகிறது, பின்சீட்டுக் குழந்தையிடம் அதன் பாச்சா பலிக்காது. வருடக்கணக்கில் கூடவே இருப்பது இ-இங்க் ரீடர். பக்கம் மாறும்போதுதான் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வீட்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுவேன். 2020 பதிப்பு நிலப்பரப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே பறக்கிறது, நெட் இல்லாமலும் ஓடும், ஆனால் கீழே ஊர்களெல்லாம் ஒரே சாயலில் தெரியும். விமானம் ஓட்டும் விளையாட்டை விமானத்தில் உட்கார்ந்து ஒழுங்காக ஆட முடியாது.

இவ்வளவு பேசுகிறவனின் சொந்தச் செயலி எப்படி என்று கேட்பீர்கள். மூன்றாவது வருடம் வரை நெட் இல்லாவிட்டால் வெறும் வட்டம்தான் சுற்றியது. வேற்று நாட்டில் இறங்கி, சிம் வேலை செய்யாமல், தங்குமிட முகவரி கேட்கும் அதிகாரி முன்னால் நிற்பவருக்கு வட்டத்தைக் காட்டியிருக்கிறோம். பயணத்திட்டம் முழுவதையும் ஃபோனிலேயே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் வைத்த பிறகுதான் அது தீர்ந்தது. ஒரே ஒரு கோப்பு, தனி சர்வர் வேண்டாம், ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஏற்கெனவே இருக்கிறது. வேலை மூன்று வாரம், அதைச் செய்ய மூன்று வருடம் யோசித்திருக்கிறேன்.

இப்போது யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் வேலை, ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு எங்கள் செயலியைத் திறப்பது. போன மாதம் சேர்ந்தவர் மதியத்துக்குள் வட்டம் சுற்றும் மூன்று இடங்களைக் காட்டிவிட்டார். இரண்டைச் சரிசெய்துவிட்டோம்.