வேம்படியா, வாவிக்கரையா?
மட்டக்களப்பில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் படிப்பிக்க இரண்டு வழி: தவணைக்கொருமுறை வாவிக்கரைக் கண்டல் காடு, இல்லாவிட்டால் கிழமைக்கொரு பாடம் பள்ளிக்கூட வளவு வேம்படியில்.

கண்டல் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குவதை எந்தக் கரும்பலகை காட்டும்? ஆனால் பஸ், அனுமதி, சாப்பாடு என்று ஆசிரியர் களைத்துப்போவார். கார்த்திகை மழையும் விடாது.

வேம்படிக்குச் செலவில்லை. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு 10 கிழமை, கிழமைக்கொரு பாடம் வெளியே புல்தரையில் நடந்தது. அடுத்து வகுப்புக்குள் வந்ததும், "இங்கே கவனி" என்று ஆசிரியர் பாடத்தை நிறுத்தியது, உள்ளேயே படித்த நாளைவிட ஏறக்குறையப் பாதிதான். (வெளியே விட்டால் குழப்படி கூடும் என்போர் கவனிக்க.)

என் தெரிவு வேம்படி. வாவிக்குத் தை பிறக்கட்டும், போகலாம்.