டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்கள்; 43,200 ரூபாய் போச்சு

இன்று சாயங்காலம் நாலாவது முறையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். போனது 43,200 ரூபாய். மதுரையில் சின்ன டீம் வைத்து ஆப், வெப்சைட் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டிசைன் மென்பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

கே.கே.நகரில் ஒரு மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். டிசைனர் மூன்று பேர், டெவலப்பர் மூன்று பேர். மேக் ஒன்றுதான், மற்றதெல்லாம் விண்டோஸ். அதனால் மேக்கில் மட்டும் ஓடும் ஸ்கெட்ச் என்ற டிசைன் மென்பொருள் ஒத்துவராது. அடோபியின் எக்ஸ்டி தனியாக விற்பனையில் இல்லை. இதே மாதிரி இன்னொன்றான இன்விஷனை 2024 கடைசியோடு மூடிவிட்டார்கள். எல்லாரும் ஒரே ஃபைலில் சேர்ந்து வேலை செய்ய, பிரவுசரிலேயே ஓடுகிற ஒரு மென்பொருளை முடிவு செய்தோம். அந்த முடிவில் தப்பில்லை. வாங்கிய இடம்தான் தப்பு.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, லைசென்ஸ் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். ஆளுக்கு வருஷம் 7,200, ஆறு பேருக்கு 43,200 என்றார் கடைக்காரர். நேரடியாக வாங்கினால் ஆவதில் பாதிகூட இல்லை. எப்படிண்ணே இவ்வளவு குறைவு என்று கேட்டேன். "மொத்தமா எடுக்குறோம் தம்பி, அதான். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நாமதானே செய்யணும்" என்றார். என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஆறு மெயில் ஐடியையும் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து டைப் செய்தார். ஒரு ஐடியில் புள்ளி விட்டுப்போனதை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அங்கிருந்தே ஆபீசுக்கு போன் போட்டேன். "வந்திருச்சுண்ணே, எடிட் பண்ண முடியுது" என்றான் எங்கள் பையன். உடனே பணத்தை அனுப்பினேன். ஸ்கேன் செய்ததும் கடைப் பெயர் வரவில்லை, வேறு ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டம்மா அக்கவுண்ட் தம்பி, கடை அக்கவுண்டுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு." அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏழு வாரம் நன்றாக ஓடியது. போன புதன்கிழமை விருதுநகர் பருப்பு மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் ஆப்பின் ப்ரோட்டோடைப்பை, அதாவது மாதிரி வடிவத்தை, காட்ட வேண்டும். மொத்தம் 38 ஸ்கிரீன். அவருடைய மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து லிங்கைத் தட்டினால், அனுமதி இல்லை என்கிறது. ஆபீசில் ஆறு பேருக்கும் அதே கதை. மென்பொருள் நிறுவனத்துக்கே எழுதிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் கல்விக் கணக்கில் எங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அட்மின் வேறு யாரோ. அந்தக் கணக்கை முடக்கியதும் அதிலிருந்த எங்கள் ஃபைலும் போய்விட்டது. இலவசமாகக் கிடைப்பதை எங்களிடம் 43,200 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்.

கடைக்காரரைக் கேட்டால், முதல் நாள் "சர்வர் பிரச்சினை தம்பி, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார். ரெண்டு நாள் கழித்து, ஓனர் திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றார்கள். அதுவரை அவர்தான் ஓனர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. இன்றைக்குக் கல்லாவில் இருந்த பெண், "அந்த ஸ்கீமையே நிறுத்திட்டோம் சார், பில்லு இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "இது எஸ்டிமேட் சார், பில் இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார். பார்த்தால் உண்மைதான். மேலே 'எஸ்டிமேட்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை. மென்பொருள் பெயர்கூட இல்லை, 'சர்வீஸ் – 43,200' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. அன்றைக்கு மடித்துப் பையில் வைத்தவன் இன்றுதான் பிரித்துப் படிக்கிறேன்.

சரி, சொன்னபடி ஆலோசனை. விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மென்பொருள் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். அட்மின் மெயில் உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். ஆறு பேருக்கும் சீட் (ஓர் ஆளுக்கான லைசென்ஸ்) தேவையே இல்லை. வரைகிறவர்களுக்கு வாங்கினால் போதும், பார்த்து கமெண்ட் போடுவது பெரும்பாலும் இலவசம்தான். எங்களுக்கு மூன்று சீட் போதுமாயிருந்தது, இதை அந்த ஆள் சொல்லவே இல்லை. கையில் காசு இல்லையென்றால் பென்பாட் என்ற டிசைன் மென்பொருள் இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ். வாரம் ஒருமுறை ஃபைலை இறக்கி உங்கள் டிஸ்கில் வையுங்கள். கடையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள்; நம் மாநிலக் கடை என்றால் எண் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், கடைப் பெயர் வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நான் ஒரு வாரம் அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்துவிட்டு இன்றுதான் கூப்பிட்டேன். நுகர்வோர் உதவிக்கு 1915.

இதை எழுதும்போது மணி பதினொன்று. டெவலப்பர்களுக்கு அனுப்பிய பழைய படங்களை வைத்து டிசைனர் மூன்று பேரும் 38 ஸ்கிரீனையும் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்கள். பதினாலு முடிந்திருக்கிறது. வியாபாரி திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். மதுரையில் இதே மாதிரி 'எஸ்டிமேட்' சீட்டோடு வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.