வீடியோ எடிட்டிங் கணினியில் உபுண்டு 24.04: எங்கெங்கே சிக்குகிறது

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸை (நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு) நிறுவ அரைமணி நேரம் போதும். அதில் உட்கார்ந்து நிம்மதியாக வீடியோ எடிட் செய்யும் நிலைக்குக் கொண்டுவரத்தான் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு ஒன்றும் ஃபுட்டேஜுக்கு ஒன்றுமாக இரண்டு எஸ்எஸ்டி என்று வீட்டு எடிட்டர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணினிக்காக எழுதியது இது. எடிட்டிங் மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வ் 19, கேடென்லைவ் இரண்டையும் கணக்கில் எடுத்திருக்கிறோம்.

கேடென்லைவில் வேலை செய்பவர்கள் தயங்காமல் மாறலாம். ரிசால்வின் இலவசப் பதிப்பை நம்பி, போனிலும் கேமராவிலும் எடுத்த எம்பி4 கோப்புகளை எடிட் செய்பவர்கள் மட்டும் கீழே கோடெக் (வீடியோவையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் முறை) பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

நிறுவுவதற்கான பென் டிரைவ் 8 ஜிபியாவது இருக்கட்டும். கணினியில் விண்டோஸும் தொடர்ந்து இருக்கப்போகிறது என்றால் பயோஸை (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) தொடுவதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. விண்டோஸ் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயோஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவ் பாதி உறக்கத்தில் கிடக்கும், லினக்ஸில் அதைப் படிக்கலாமே தவிர எழுத முடியாது. மூன்றாவது, இன்டெல் கணினிகளில் டிரைவுகளை நிர்வகிக்கும் ஆர்எஸ்டி அமைப்பு. அது இயங்கும்போது எஸ்எஸ்டி இன்ஸ்டாலரின் கண்ணில் படாமல் போகலாம். ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றத்தான் வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பயோஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புங்கள்.

பென் டிரைவிலிருந்து எழும்போது திரை கறுப்பாகவே நின்றால் கார்டு பழுது என்று பயப்பட வேண்டாம். புதிய என்விடியா கார்டுகளோடு கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள நூவோ டிரைவருக்கு ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் காரணம். முதல் மெனுவில் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டாலர் திறந்துவிடும்.

பலரும் கோட்டைவிடும் இடம், கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு. என்விடியா டிரைவர் கர்னலுக்கு வெளியிலிருந்து வருவது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்றாது. அதனால் டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியைப் பதிவு செய்ய, நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கிறது. மறுமுறை கணினி எழும்போது ஒரு நீலத் திரை வந்து, 10 விநாடி காத்திருந்து, எதையும் அழுத்தாவிட்டால் தானாகப் போய்விடும். அந்த 10 விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இருக்கும் என்பதால் குறியீடுகள் இல்லாத எளிய கடவுச்சொல் போதும். தவறவிட்டால் டிரைவர் நிறுவியதாகவே காட்டும், கார்டு மட்டும் வேலை செய்யாது. மோக்யூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பினால், அடுத்த பூட்டில் அந்த நீலத் திரை திரும்ப வரும். வீட்டுக் கணினியில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது இன்னும் எளிது. விண்டோஸில் அதைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டு எதுவும் இல்லையென்றால் அதையே செய்யுங்கள்.

டிரைவரை உபுண்டுவின் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ வழியாகவே எடுங்கள். என்விடியா தளத்திலிருந்து இறக்கும் நிறுவல் கோப்பு இன்று வேலை செய்யும், கர்னல் மாறும் நாளில் காலை வாரும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளுக்கு 570 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவரில், பெயரின் கடைசியில் ‘ஓப்பன்’ என்று இருப்பதுதான் வேண்டும். பழைய வகை அந்தக் கார்டுகளை இயக்காது. நிறுவியதும் டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைத் தட்டிப் பாருங்கள். கார்டின் பெயரும் நினைவக அளவும் வந்த பிறகே ரிசால்வைத் தொடுங்கள். இந்த வரிசை மாறினால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன், ரிசால்வ் 19-க்கு லினக்ஸில் அதிகாரபூர்வமாகச் சொல்வது ராக்கி லினக்ஸ் 8.6 என்ற வேறொரு லினக்ஸ் வகையை மட்டுமே. உபுண்டுவில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்து பிறப்பவை. இன்ஸ்டாலரை இயக்கியதும் சில நூலகங்கள் (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புகள்) இல்லை என்று நின்றுவிடும். அவை உண்மையில் இருக்கின்றன. 2038-ஆம் ஆண்டுக் கடிகாரச் சிக்கலுக்காக உபுண்டு 24.04-ல் பல தொகுப்புகளின் பெயரோடு ‘டி64’ என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். ரிசால்வ் பழைய பெயரைத் தேடுகிறது. ஏபிஆர், ஏபிஆர்-யூட்டில், அசவுண்ட்2, ஃப்யூஸ்2 ஆகிய நூலகங்களின் டி64 தொகுப்புகளை நிறுவிவிட்டு, தொகுப்புச் சரிபார்ப்பைத் தாண்டச் சொல்லும் சூழல் மாறிக்கு (SKIP_PACKAGE_CHECK) 1 என்று மதிப்புக் கொடுத்து இன்ஸ்டாலரை இயக்குங்கள். நூலகம் அதேதான், பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது என்பதால் இதில் ஆபத்தில்லை. ஆனால் வெறும் ‘ஃப்யூஸ்’ என்ற பெயரில் உள்ள தொகுப்பை நிறுவாதீர்கள். அது ஃப்யூஸ்3-ஐ வெளியேற்றும், கூடவே டெஸ்க்டாப்பின் பகுதிகளும் போகக்கூடும்.

நிறுவி முடித்து ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. டெர்மினலிலிருந்து திறந்தால், எழுத்துகளைத் திரையில் அமைக்கும் பேங்கோ நூலகம் பற்றிய ‘சிம்பல் லுக்கப்’ பிழை தெரியும். ரிசால்வ் தன்னோடு ஒரு பழைய ஜிலிப் நூலகத்தை எடுத்துவருகிறது, உபுண்டு 24.04-ல் இருப்பதோ ஜிலிப் 2.80. உபுண்டுவின் பேங்கோ புதிய ஜிலிப்பில் இருக்கும் ஒரு செயற்கூறைத் தேடுகிறது. கையில் கிடைப்பது பழைய ஜிலிப் என்பதால் அங்கேயே விழுகிறது. /ஆப்ட்/ரிசால்வ்/லிப்ஸ் கோப்புறையில் பெயரில் ‘லிப்’ என்பதை அடுத்து ஜிலிப், ஜிஐஓ, ஜிமாட்யூல், ஜிஆப்ஜெக்ட் என்று வரும் கோப்புகளை அங்கேயே ஒரு துணைக் கோப்புறை திறந்து அதற்குள் நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம். அதன்பின் ரிசால்வ் உபுண்டுவின் ஜிலிப்பையே பயன்படுத்தும். ரிசால்வைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி கோடெக். போன், கேமரா எம்பி4 கோப்புகளில் வழக்கமாக இருக்கும் எச்.264, எச்.265 வீடியோ இரண்டையும் லினக்ஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு திறக்காது. கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ என்விடியா கார்டின் துணையோடு திறக்கும். அந்தக் கோப்புகளில் வரும் ஏஏசி ஒலியோ பதிப்பு 19-ல் இலவசம், ஸ்டூடியோ இரண்டிலுமே கிடையாது: படம் ஓடும், ஒலி இருக்காது. உபுண்டுவின் ‘ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ தொகுப்பை நிறுவினால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வது தவறு. அது வீடியோ பிளேயர்களுக்கு உதவும். ரிசால்வ் சிஸ்டத்தின் கோடெக்குகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இலவசப் பதிப்பில்தான் இருப்பேன் என்றால் எல்லாக் கிளிப்புகளையும் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவியில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ வீடியோ (எடிட்டிங்குக்காகக் குறைவாகச் சுருக்கிய வடிவம்), பிசிஎம் ஒலி (சுருக்காத ஒலி), மூவ் (.mov) கோப்பு என்று மாற்ற வேண்டும். 10 பிட் ஃபுட்டேஜுக்கு எச்க்யூஎக்ஸ் வகை. எச்க்யூவில் போட்டால் 8 பிட்டாகச் சுருங்கி, வண்ணம் திருத்தும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். இதற்கு ஆகும் இடத்தையும் பாருங்கள். 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த ஒரு மணி நேர 4கே கோப்பு 45 ஜிபி. அதுவே டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூவில், விநாடிக்கு 25 ஃபிரேமில், 300 ஜிபியைத் தாண்டும். ஒரு திருமணத்தின் இரண்டு கேமரா ஃபுட்டேஜை இப்படி மாற்றினால் 2 டெராபைட் டிரைவ் ஒரே வேலையில் நிரம்பிவிடும். ஸ்டூடியோவின் விலை 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். தொடர்ந்து வேலை வருபவர்கள் புது டிரைவுகளுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுப்பதே மேல்.

ஸ்டூடியோ இருந்தால் ஒலிக்கு மட்டும்தான் மாற்றம். எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோவை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் பிசிஎம் ஆக்கச் சொன்னால் தரம் துளியும் குறையாது, டிரைவின் வேகத்திலேயே முடிந்துவிடும். ஏற்றுமதியில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: ரிசால்விலிருந்து பிசிஎம் ஒலியுள்ள மூவ், பிறகு ஒலியை 320 கிலோபிட் ஏஏசியாக்கி எம்பி4. இன்னொன்று, 4:2:2 (வண்ணத் தகவலைக் கூடுதலாக வைத்திருக்கும் முறை) 10 பிட்டில் எடுக்கும் கேமரா இருந்தால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளின் டிகோடர் அதை ஏற்காது. கேமராவை 4:2:0-க்கு மாற்றுங்கள், அல்லது ப்ராக்ஸி (எடிட் செய்வதற்கான சிறிய நகல்) எடுங்கள்.

கேடென்லைவுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அது எஃப்எஃப்எம்பெக்கையே நம்பியிருப்பதால் போன் கோப்பு, கேமரா கோப்பு எல்லாம் நேராகத் திறக்கும். உபுண்டு களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பு, நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜை எடுங்கள். எஃபெக்டுகளுக்குப் பெரும்பாலும் பிராசஸரையே நம்புவதால் 4கேயில் ப்ராக்ஸி இல்லாமல் இழுபடும். வண்ணத் திருத்தத்தில் ரிசால்வுக்குப் பக்கத்தில்கூட வராது. தமிழில் தலைப்பு அடிக்க ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

ஃபுட்டேஜ் டிரைவ் கணினி எழும்போதே இணையும்படி எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது ‘நோஃபெயில்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் டிரைவைக் கழற்றிய நாளில் கணினி அவசர நிலைத் திரையில் போய் நிற்கும்.

கணினியை உறங்கவைத்து எழுப்பிய பிறகு ரிசால்வ் திடீரென்று ‘ஜிபியூ இல்லை’ என்றால், என்விடியா-யூவிஎம் என்ற கர்னல் மாட்யூலை நீக்கி மறுபடி ஏற்றினால் சரியாகும், ரீபூட் வேண்டாம். வெளி மானிட்டருக்குப் படம் அனுப்பும் டெக்லிங்க் போன்ற மானிட்டரிங் கார்டு வைத்திருப்பவர்கள் 6.8 கர்னலிலேயே நில்லுங்கள். பின்னால் வந்த 24.04 நிறுவல் கோப்புகள் புதிய கர்னல் வரிசையோடு வருகின்றன. கர்னல் ஒவ்வொரு முறை தாவும்போதும் கார்டின் டிரைவர் புதிதாகக் கட்டப்பட வேண்டும், அது தோற்றால் வெளி மானிட்டரில் படம் வராது. கையில் ஒரு வேலை முடியும்வரை கர்னல் தொகுப்பை ‘ஹோல்ட்’ போட்டு நிறுத்தி வையுங்கள், கொடுத்து முடித்த பிறகு அவிழ்த்துவிட்டுப் புதுப்பியுங்கள்.