டெக்கரேட்டர்: ஃபங்ஷனாக எழுதுவதா, கிளாஸாக எழுதுவதா?

டெக்கரேட்டர் என்பது ஒரு ஃபங்ஷனின் உள்ளே கைவைக்காமல் அதற்குக் கூடுதல் வேலை சேர்க்கும் வழி. பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு ஒரு டெக்கரேட்டரின் பெயரை எழுதினால் நடப்பது இவ்வளவுதான்: ஃபங்ஷன் உருவானதும் அது டெக்கரேட்டரின் கைக்குப் போகிறது. டெக்கரேட்டர் எதைத் திருப்பித் தருகிறதோ, அது பழைய பெயரில் உட்கார்ந்துகொள்கிறது. 2004-இல் பைத்தான் 2.4 வரும்வரை இதை ஃபங்ஷன் முடிந்தபின் தனி வரியாக எழுதினார்கள். ஃபங்ஷன் நீளமாக இருந்தால் அந்த வரி கண்ணிலேயே படாது.

சரி, ஒரு ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று எண்ண வேண்டும். எப்படி எழுதலாம்?

ஃபங்ஷனாக எழுதினால், உள்ளே இன்னொரு ஃபங்ஷன் வைத்து அதைத் திருப்பித் தர வேண்டும். வெளி ஃபங்ஷன் முடிந்த பிறகும் உள்ளே இருப்பது மூல ஃபங்ஷனைப் பிடித்து வைத்திருக்கும். இதுதான் குளோஷர். எண்ணிக்கை வெளி ஃபங்ஷனில் இருக்கும். உள்ளே அதைக் கூட்டும் இடத்தில், இது வெளியே இருக்கும் மாறி என்று பைத்தானுக்குச் சொல்லும் நான்லோக்கலை எழுத மறந்தால் அன்பவுண்ட்லோக்கல்எரர் வரும்.

கிளாஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் __இனிட்__ மூல ஃபங்ஷனை வாங்கி வைக்கும், ஆப்ஜெக்டை அழைக்கும்போது ஓடும் __கால்__ அதை ஓட்டும், எண்ணிக்கை செல்ஃபில், அதாவது அந்த ஆப்ஜெக்டிலேயே இருக்கும். வெளியிலிருந்தும் எளிதாகப் பார்க்கலாம். எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது.

ஆனால் இதையே ஒரு மெத்தடுக்கு (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷனுக்கு) மேலே போட்டுப் பாருங்கள். செல்ஃப் என்ற ஆர்க்யுமென்ட் வரவில்லை என்று டைப்எரர் வந்து நிற்கும். காரணம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பைத்தானில் சாதாரண ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் __கெட்__ உண்டு. ஆப்ஜெக்ட் வழியாக மெத்தடைத் தொடும்போது செல்ஃபை அதோடு கட்டிக் கொடுப்பது அதுதான். நாம் எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்டுக்கு அது கிடையாது, நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். குளோஷர் திருப்பித் தருவது சாதாரண ஃபங்ஷன் என்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழாது.

மூல ஃபங்ஷனின் பெயரும் டாக்ஸ்ட்ரிங் என்னும் விளக்கக் குறிப்பும் தொலையாமல் இருக்க, பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸில் குளோஷருக்கு ராப்ஸ், கிளாஸுக்கு அப்டேட்_ராப்பர். இரண்டுமே ஒரு வரிதான்.

ஆகவே என் தேர்வு குளோஷர். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிளாஸுக்குப் போவேன்: @மறுமுயற்சி(3) என்பதுபோல டெக்கரேட்டருக்கே மதிப்பு கொடுக்க வேண்டியபோது. குளோஷரில் அதற்கு மூன்று அடுக்கு ஃபங்ஷன் தேவை. கிளாஸில் 3 என்பதை __இனிட்__ வாங்கிக்கொள்ளும், ஃபங்ஷனை __கால்__ வாங்கி, அதைச் சுற்றிய ஒரு சாதாரண ஃபங்ஷனைத் திருப்பித் தரும். சாதாரண ஃபங்ஷன் வருவதால் மெத்தடிலும் செல்ஃப் சரியாக வந்து சேரும்.