தெருவில் இருப்பவருக்கு எந்தப் பார்சல்? வவுனியாச் சாப்பாட்டுக் கடைகள் பற்றி

வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மத்தியானப் பார்சல் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்: நாட்டரிசி அல்லது சம்பாச் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீனோ கோழியோ, ஓர் அப்பளம். வீட்டுக்குக் கொண்டுபோக நல்ல சாப்பாடு. கடைவாசலிலும் மதிலோரமும் படுத்திருப்பவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும்போதுதான் அதன் குறைகள் தெரியும்.

சில கடைகள் பதினொரு மணிக்கே கட்டி அடுக்கிவிடும். சுடச்சுடக் கட்டிய சோறு லஞ்ச் சீற்றுக்குள் வேர்த்து இளஞ்சூட்டில் கிடக்கும். அவித்தாலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. அவை பெருகுவது இந்தச் சூட்டில்தான். அவை விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே கண்முன்னே கட்டச் சொல்லி வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். ஆனால் இரவுக்கு வேறு வழியில்லாதவர் பாதியைச் சுற்றி வைத்துவிடுவார். அதைத் தடுக்கப் புத்திமதி உதவாது. மத்தியானத்துக்கு அளவாகச் சோறு, இரவுக்குக் கால் இறாத்தல் பாணும் இரண்டு வாழைப்பழமும் என்று பிரித்துக் கொடுத்தால் சோறு மிஞ்சாது.

அடுத்தது முடிச்சு. சொதியைச் சின்னப் பையில் ஊற்றி, றப்பர் பாண்டை நாலு சுற்று இறுக்கிவிடுவார்கள். சில மனநோய் மருந்துகளாலும், குடியை விட்ட முதல் நாட்களிலும் கை நடுங்கும். அப்படிப்பட்டவர் பல்லால் இழுப்பார். பை கிழிந்து சொதி சாரத்தில் கொட்டும். தெருவில் அவருக்கு மாற்றுச் சாரம் ஏது? குழம்பைச் சோற்றின் மேலேயே ஊற்றச் சொல்லுங்கள். "ஊறிப்போகும் அண்ணை" என்பார் கடைக்காரர். ஊறட்டும், பல்லில்லாதவருக்கு அதுதான் தேவை. தண்ணீர்ப் போத்தல் மூடியையும் திறந்து கொடுங்கள்.

முள் நிறைந்த சூடை மீன் வேண்டாம், முட்டை நல்லது. கொத்து ரொட்டி வயதானவர்களுக்குச் சரிவராது: உறைப்பு, எண்ணெய், கோழி எலும்புத் துண்டுகள். காலையில் இடியப்பமும் சொதியும்தான் எங்கள் முதல் தெரிவு.

நித்திரையில் இருப்பவரின் தலைமாட்டில் பார்சலை வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாய்கள் இழுபறிப்படும், கடிபடுவது அவர்தான்.

பார்சலைவிட மேலானது கடைக்குள் ஒரு கதிரை. ஒரு கிழமைக் காசை முன்கூட்டிக் கட்டி, கொப்பியில் பெயர் எழுதி, சாப்பிட்ட நாளுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கை கழுவலாம், சூடாகச் சாப்பிடலாம், வேண்டுமானால் இன்னொரு அகப்பை சோறு கேட்கலாம். மற்ற வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள் என்று கடைக்காரர் தயங்கினால், பதினொன்றரைக்கு முன் அல்லது இரண்டரைக்குப் பின் என்று நேரம் பேசலாம். பின்வாசலில் இருத்திக் கொடுக்கும் கடைக்கு அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். "ஐயா வாங்கோ, இருங்கோ" என்று கூப்பிடும் கடை, கறி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் போதும்.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு நாள் கோடு விழவில்லையென்றால் ஆளைத் தேட வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.